ஹாஜி விழுங்கிய பாதிச் சொல்

அத்தியாயம் பதினான்கு

"ஆச்சு, ஆச்சு. வந்திடும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜி ஷலபியின் குரல் கேட்டது.

ஒன்றும் வரவில்லை.

திரைக்கு இந்தப் பக்கம் அவருடைய மகன் ஸப்ரி, இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியைக் கையில் தொங்கவிட்டபடி நின்றான். அப்பாவைத் திரைக்குப் பின்னாலிருந்து நேராக அந்த அங்கிக்குள் தள்ளி, வேனில் ஏற்றி, மதியத்துக்குள் ஊர் கொண்டு சேர்ப்பது அவன் பொறுப்பு. காலையிலிருந்து அதற்காகத்தான் நிற்கிறான். அங்கியின் மடிப்புத்தான் கலைந்துகொண்டே போனது.

போன வாரம் ஹாஜியை அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கு அனுப்பிய இடத்தில் விட்டோம். உடம்பு தேறிவிட்டது, குரலும் பழைய கனத்துக்கு வந்துவிட்டது. சிறுநீருக்காக உள்ளே வைத்த குழாயை எடுப்பது மட்டும்தான் பாக்கி.

எங்கள் கஃப்ர் சின்னக் கிராமம், அதில் அவரை அறியாதவர் இல்லை. கால்வாயின் மதகுக்காரர். வேலைக்காலம் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று மதகைத் திறந்தார், மூடினார். தண்ணீரிலிருந்த புழு அவர் தோல் வழியே ஏறி சிறுநீர்ப்பையில் குடித்தனம் நடத்தியதை அவரும் அறியார், நாங்களும் அறியோம். முதன்முதலில் சிறுநீர் சிவப்பாகப் போன அன்று அவர் பயப்படவில்லை. சிரித்தார்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் கஃப்ரில் ஒவ்வொரு பையனுக்கும் ஒருநாள் சிவப்பாகப் போகும். பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் ஆண் பிள்ளைகளுக்கு இது என்று பெரியவர்களே முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். போகாதவனைத்தான் கேலி செய்தார்கள். ஆகவே ஹாஜி மனைவியிடம், "உம்மு ஸப்ரி, நான் ரெண்டாம் தடவை ஆம்பளையாயிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு இரண்டு வருஷம் பலியானது. கடைசியில் அது புற்றுநோயாகி, மன்சூரா ஆஸ்பத்திரியில் பையையே எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த இடத்தில், அவருடைய குடலிலிருந்தே ஒரு துண்டை வெட்டிப் புதுப் பை தைத்து வைத்தார்கள்.

அதே ஆஸ்பத்திரியில்தான் அவர் மூத்த மகள் நக்வா டாக்டராக இருக்கிறாள். மூத்திரப் பாதை டாக்டர். அந்தத் துறையில் பெண்ணைக் காண்பதே அபூர்வம். வேறு அப்பாவாக இருந்தால் பந்தல் போட்டிருப்பார். நம் ஹாஜியோ, மகள் என்ன டாக்டர் என்று யாராவது கேட்டால் "பாதை டாக்டர்" என்பார். முன்பாதியை எச்சிலோடு விழுங்கிவிடுவார்.

இதன் விளைவாக, அவருடைய தம்பி கைரி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "உன் பொண்ணுகிட்ட நம்ம கால்வாய் ரோட்டுப் பள்ளத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லக் கூடாதா? பெரிய எடத்துல இருக்கா, நமக்கொரு லாரி மண்ணு கொட்ட மாட்டாளா?"

அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டபோதும் ஹாஜி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "என் பொண்ணு அந்த ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது." நக்வா வைக்கவில்லை. தனக்குக் கற்றுக்கொடுத்த புரொஃபஸர் உள்ளே தைத்துக்கொண்டிருந்தபோது, அவள் வெளியே மற்ற குடும்பங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

இன்றும் அதே பெஞ்சுதான். பக்கத்தில் அம்மா இன்ஸாஃப். அம்மாவின் மடியில் ஒரு பொட்டலம், அதில் மருதாணி வாசம். இளைய மகள் ஹனானுக்கு இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் திருமண ஒப்பந்தம். மாப்பிள்ளை அய்மன் சனிக்கிழமை குவைத் விமானம் ஏறுகிறான், தள்ளிப் போட வழியில்லை. திருமணம் நடத்தும் காஜியார் முன்னால் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் வாயால் பெண்ணைக் கொடுக்க வேண்டும்.

ஹாஜி சத்தியமே செய்திருந்தார். "அங்கிக்குள்ள குழாயும் பையும் தொங்க, ஊர் நடுவுல நான் உக்கார மாட்டேன். குழாய் போகலைன்னா கைரி கையப் புடிக்கட்டும்." எருமை ஒன்றைப் பற்றிய சண்டைக்குப் பின் அண்ணனும் தம்பியும் சரியாகப் பேசிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அந்தத் தம்பியையே மாப்பிள்ளை கையைப் பிடிக்கச் சொல்கிறார் என்றால், வெட்கம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இளம் டாக்டர் தாமிர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"குழாய எடுத்தாச்சு மேடம். ஆனா போக மாட்டேங்குது. பை நிறைஞ்சிட்டே வருது. இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம். வரலைன்னா குழாயத் திரும்பப் போட்டுட வேண்டியதுதான்."

ஸப்ரி அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டான். "அக்கா, நீ போயேன்."

"வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அது அறுக்கிறதுக்குச் சொன்னது."

"இல்லடா. அவர் எல்லாத்துக்கும்தான் சொன்னாரு."

அம்மா பொட்டலத்தை ஸப்ரியிடம் நீட்டினாள். பிறகு மகளின் மடியில் மடிந்து கிடந்த கோட்டை எடுத்து உதறி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குப் போடுவதுபோல் அவள் தோளில் போட்டாள்.

"அவர் சொன்னாரு. நான் சொல்லலியே. போ."

நக்வா போனாள்.

ஹாஜி போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். "நீ எதுக்கு வந்த?"

"டாக்டர் வந்திருக்கேன். உங்க பொண்ணு வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கா."

ஹாஜி சுவரைப் பார்த்தார். நக்வாவுக்கு இது பழக்கம்தான். இந்த வார்டில் அவளைக் கண்டதும் சுவர் பக்கம் திரும்பாத ஆண் இல்லை. பிறகு அவர்களே வருஷா வருஷம் பரிசோதனைக்கு வரும்போது அவளைத் தேடிப் பிடித்து, "டாக்டரம்மா, காய்ஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொட்டாமல், நனையாமல் இருக்கிறேன் என்று அர்த்தம். இந்த வார்டில் சலாமுக்கு அடுத்தபடி அதுதான் நலம் விசாரிப்பு. புதுப் பை வைத்தவர்கள் பல வருஷம் கழித்து எப்படி வாழ்கிறார்கள் என்பதைத் தொடர்ந்து பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. எல்லாரும் காய்ந்துவிடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"தாமிர் சொல்லிக் குடுத்தது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"என்ன சொன்னாரு?"

ஹாஜி போர்வை நுனியை நிமிண்டினார். "சின்னப் பையன், கடகடன்னு சொல்றான். தலையாட்டிட்டேன்" என்றார்.

"எந்திரிங்க. நின்னுட்டுப் போக வேணாம், இந்தப் பாத்திரம் வெச்ச நாற்காலில உக்காருங்க. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்." அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "அப்பா, உங்க பழைய பை ஒரு சதை. நிறைஞ்சா அதுவே சொல்லும், அதுவே சுருங்கித் தள்ளும். இப்போ இருக்கிறது குடல். இது நேத்துவரைக்கும் சோறு செரிச்சிட்டு இருந்தது. இதுக்கு மூத்திரம்னா என்னன்னே தெரியாது."

அப்பா முன்னால் அந்தச் சொல்லை அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"அது தானா சுருங்காது. நீங்கதான் வயித்தால தள்ளணும்."

"காலைலேருந்து அதத்தானே பண்றேன். முக்கி முக்கிக் கண்ணு பிதுங்குது."

"முக்கும்போது கீழ இறுக்கிப் பிடிக்கிறீங்களா?"

"பிடிக்காம? எல்லார் முன்னாடியும் ஒழுகிட்டா?"

நக்வா சிரித்துவிட்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் ஜன்னலைப் பார்த்தே சிரித்தாள். "அப்பா. நீங்க மதகுக்காரர்."

அவ்வளவுதான் சொன்னாள். ஹாஜி தனக்குத் தானே பேசுவதுபோல், "கதவ இறக்கி வெச்சுக்கிட்டு மேல தண்ணிய ஏத்துறேன்" என்றார். "கரைதான்டா உடையும், முட்டாப் பயலே."

"மொதல்ல கதவு. அப்புறம் தண்ணி. மூச்ச விடுங்க, கீழ லேசா விட்டுடுங்க. இப்போ கையால அடிவயித்த அமுக்குங்க. குனிஞ்சு. அவசரமில்ல."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரைக்கு அப்பாலிருந்து சேர்ந்துகொண்டார். "அவங்க சொல்றபடி செய்யுங்க ஹாஜி. அவங்க சொல்லித்தான் நான் காய்ஞ்சேன்."

"நீ சும்மா இருப்பா" என்றார் ஹாஜி. "இங்க நான் கதவு தூக்கிட்டிருக்கேன்."

வார்டே சும்மா இருந்தது. சாயாத் தள்ளுவண்டிகூட நின்றுவிட்டது.

முதலில் ஒரு சொட்டு, பாத்திரத்தில். பிறகு நின்றது. ஒரு வெள்ளைக் கோழை வெளியே வந்தது. குடலில் தைத்த பை அல்லவா, அதன் பழைய குணம் அது. அடைத்துக்கொண்டிருந்ததும் அதுவே. அது விலகியதும் வந்தது பாருங்கள், தயங்கித் தயங்கி, பிறகு ஒரே சீராக, பாத்திரத்தின் சத்தம் மாறிக்கொண்டே போகும் அளவுக்கு வந்தது. நக்வா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ ஆண்களிடம் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். இன்று அழுதாள்.

"நிறம் எப்படிப்பா இருக்கு?"

"வைக்கோல் நிறம்" என்றார் ஹாஜி. அவர் குரலும் சரியாக இல்லை. "வைக்கோல் நிறம்மா."

வெளியே பெஞ்சில் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. மகள் கல்யாணத்துக்கென்று தொண்டையில் சேர்த்து வைத்திருந்த குலவையை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே அவிழ்த்துவிட்டாள். எங்கிருந்தோ இன்னொரு நோயாளியின் மனைவி பதில் குலவை கொடுத்தாள். நர்ஸ் ராவ்யா ஓடி வந்து, "இது என்ன கல்யாண வீடா?" என்று அதட்டினாள். விஷயம் தெரிந்ததும் அவளே கையை வாயில் வைத்து ஒரு குலவை போட்டுவிட்டுப் போனாள்.

மீயொலிக் கருவியால் பார்த்துப் பை காலியாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் புரொஃபஸர் போக விட்டார். நக்வா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கடிகாரத்தை அப்பாவின் மணிக்கட்டில் கட்டினாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கத்தும். கத்தினா எந்திரிச்சுப் போகணும். முட்டலையேன்னு உக்காந்திருக்கக் கூடாது, இது முட்டாது. அதிகமா நிறைஞ்சா ஒழுகும், இல்லேன்னா பை விரிஞ்சு தொங்கிப் போயிடும். தொங்கிட்டா அப்புறம் காலமெல்லாம் குழாய்தான்."

"காஜியார் ஓதும்போது கத்தினா?"

"கத்தினா போகணும்."

"ஊரே உக்காந்திருக்கும்."

"போகணும்ப்பா."

ஹாஜி அங்கியின் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.

*

கஃப்ருக்கு வேன் வந்து சேர்ந்தபோது வாசலில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. வாத்து வறுபடும் வாசம் கால்வாய்ப் பாலம் வரைக்கும் வந்தது. வீட்டுக்குள் நுழையும் முன்பே கழிவறைக்குப் போய்விட்டு வந்தார் ஹாஜி. கடிகாரத்தை நக்வா மறுபடி சரி செய்து வைத்தாள். காஜியார் சீக்கிரம் வந்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.

காஜியார் சீக்கிரம் வரவில்லை. வந்தபின்னும் சீக்கிரத்தில் ஆரம்பிக்கவில்லை. கணவன் மனைவி கடமைகள் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவரிடம் மூன்று மனைவிகள் விவாகரத்து வாங்கிப் போயிருந்தார்கள், ஆகவே விஷயம் தெரிந்தவர்.

கூடத்தில் ஆண்கள். உள்ளறையில் பெண்கள், கதவு பாதி திறந்திருந்தது. நக்வா கதவோரமாக நின்றாள். அங்கிருந்து அப்பாவின் முதுகும் அவர் கையும் தெரிந்தன. எதிரே சித்தப்பா கைரி, கால்மேல் கால் போட்டு, அண்ணன் எந்த நேரத்தில் கவிழ்வார் என்று பார்ப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாகக் காஜியார் கையை நீட்டச் சொன்னார். ஹாஜியும் அய்மனும் கட்டைவிரலோடு கட்டைவிரல் சேர்த்துக் கைகோத்தார்கள். மேலே வெள்ளைக் கைக்குட்டை விரித்தாயிற்று. காஜியார் அதன்மேல் கை வைத்தார். ஹனான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கைக்குட்டைக்கு அடியில் கடிகாரம் கத்த ஆரம்பித்தது.

பீப், பீப், பீப். மாப்பிள்ளையின் கையே கத்துவதுபோல் இருந்தது. அய்மன் தன் கையை ஒரு பயத்தோடு பார்த்தான்.

"யாருப்பா அது போனு" என்றார் காஜியார். "அணையுங்க."

ஹாஜி அசையவில்லை. காது நுனி சிவந்தது. நக்வா அவர் முதுகைப் பார்த்து மனசுக்குள்ளேயே கெஞ்சினாள். இரண்டு வருஷம் மகளிடமே மறைத்தவர் இவர். பாதிச் சொல்லை விழுங்கியே பழகியவர். இந்தச் சத்தத்தையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியும். அப்படி உட்கார்ந்தால் புரொஃபஸர் தைத்ததும், அவள் காலையில் ஜன்னலைப் பார்த்துச் சொன்னதும் எல்லாம் வீண்.

கைரி முன்னால் சாய்ந்தார். "அண்ணே, ஒடம்புக்கு ஏதாவதா? வேணும்னா நான் கையப் புடிக்கட்டா?"

ஹாஜி தம்பியைப் பார்த்தார். பிறகு அய்மனின் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"காஜியாரே, கொஞ்சம் பொறுங்க. நான் மூத்திரம் போயிட்டு வர்றேன்."

கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க, அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு பேச வேணாம். என் பழைய பையில புத்து வந்துச்சு. அத எடுத்துட்டு, என் குடல்லயே புதுசா ஒண்ணு தெச்சு வெச்சிருக்காங்க. புதுசுக்கு இன்னும் புத்தி வரலை. மணி பாத்துத்தான் போகணும். காலைல ஒரு சொட்டு வராம முழிச்சிட்டிருந்தேன். என் பொண்ணு வந்து கதவு எது தண்ணி எதுன்னு சொல்லிக் குடுத்தா. வந்துச்சு." கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "அவ பாதை டாக்டர் இல்ல. மூத்திரப் பாதை டாக்டர். இந்தக் கஃப்ருல அவளுக்கு ஈடா ஒரு ஆம்பளை டாக்டர் கிடையாது. நான் இத்தனை நாளா பாதிதான் சொன்னேன். இப்போ முழுசாச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். வேறு என்ன செய்வது. காஜியார் வாழ்க்கையில் முதன்முறையாகப் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். கைரி கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். உள்ளறையில் யாரோ ஒரு பெண் நக்வாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர்.

ஹாஜி திரும்பி வந்து உட்கார்ந்து, கையை நீட்டினார். "இப்போ ஓதுங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, நீங்க அதுக்குள்ள முடிச்சாச் சரி." கூடம் சிரித்தது. ஹனானை அவர் கொடுத்தபோது குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

*

அதன்பிறகு நடந்ததை நக்வா எதிர்பார்க்கவில்லை.

சிவப்பு ரோஜா சர்பத் தட்டுத் தட்டாகச் சுற்றி வந்தது. பெண்கள் மணப்பெண்ணைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆண்களோ ஒருவர்பின் ஒருவராக, ஏதோ கை கழுவ வருபவர்கள்போல், நக்வா நின்ற பின்கட்டுப் பக்கம் வந்தார்கள்.

முதலில் வந்தவர் சித்தப்பா கைரி. அங்கிருந்த கம்பத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அப்போ ரோடு போட்டுத் தர மாட்டே."

"இல்ல சித்தப்பா."

"சரி, ரோடு கெடக்கட்டும். ராத்திரில நான் நாலஞ்சு தடவை எந்திரிக்கிறேன். அது எதனால?"

"வந்து காட்டுங்க. பெரிசா ஒண்ணும் இருக்காது. மருந்துலயே போகலாம்."

"உன் அப்பன்கிட்ட சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுவீங்க."

கைரி கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பின் பால்காரர். பிறகு பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர். ஒவ்வொருவரும் அந்த முழுச் சொல்லைக் கொஞ்சம் கூச்சத்தோடு, புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல் சொல்லிப் பார்த்தார்கள். கூடத்தில் ஹாஜி சத்தமாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஊரெல்லாம் கேளுங்க, நான் காய்ஞ்சிருக்கேன். என் பொண்ணு வார்டுல அப்படித்தான் சலாம் சொல்லணும்."

நக்வாவுக்கு உடம்பு லேசாகிவிட்டதுபோல் இருந்தது. இத்தனை வருஷப் படிப்பில் கிடைக்காதது இந்த ஒரு மாலையில் கிடைத்துவிட்டது. ஒரு டம்ளர் சர்பத் குடிக்கலாம் என்று திரும்பினாள்.

ஸப்ரி நின்றிருந்தான். அப்பா ஓய்வு பெற்றபின் மதகு அவன் பொறுப்புத்தான். இடுப்பளவு தண்ணீரும் அவனுக்குத்தான். கையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ஒன்றை அக்காவிடம் கொடுத்தான். தன்னுடையதைக் குடிக்காமல் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, நானும் ரெண்டாம் தடவை ஆம்பளையாயிட்டேன் போல."

வழக்கமான அவன் கேலி என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் முகத்தில் கேலி இல்லை.

"என்ன நிறம்?"

ஸப்ரி டம்ளரை அவள் பக்கம் நீட்டினான். "இதைவிடக் கொஞ்சம் வெளுப்பு."

"எப்போலேருந்து?"

"போன வெள்ளிக்கெழமை."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்றதா இல்ல. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்." கூடத்தின் பக்கம் தலையை ஆட்டினான். "அவர் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் வாய மூடிட்டு இருக்க முடியலை."

நக்வா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். புழு மட்டும்தானா, அதற்கு மேலா என்று கேட்கத் துடித்த மனசை அடக்கினாள். அதை உள்ளே குழாய்விட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அப்பா இரண்டு வருஷம் விழுங்கியதை இவன் ஒரு வாரத்தில் சொல்லிவிட்டான். இப்போதைக்கு அவள் கையில் இருப்பது அது ஒன்றுதான், அது பெரிது.

"காலைல மொத வண்டி. என்கூட வர்ற."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். ஆனா வர்ற."

கூடத்தில் கடிகாரம் கத்தியது. நாற்காலி நகர்ந்தது. "வழி விடுங்கப்பா" என்று ஹாஜியின் குரல் எல்லாச் சத்தத்துக்கும் மேலே வந்தது. "என் டாக்டர் சொன்ன நேரம்."

ஸப்ரி சிரித்தான். அவன் கையிலிருந்த சிவப்பு டம்ளர் அப்படியே நிறைந்திருந்தது.